ஒரு மாதப் பாஸ்

துணுக்காயில் மரத்தடியில் நான் ஆங்கிலம் படிப்பித்த காலம் அது. 'பாஸ்' என்ற சொல்லைப் பிள்ளைகள் 'பாசு' என்பார்கள். நான் விடாமல் திருத்துவேன். சோதினையில் பாஸ், பந்தைப் பாஸ் பண்ணு, ஒருவர் எம்மைக் கடந்து போனாலும் பாஸ் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் எடுக்கிற பாஸை மட்டும் எழுதுவதில்லை. அதை எந்தப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

என் தங்கை ஏ.எல். பாஸ் பண்ணினாள். கொழும்பில் கம்பஸுக்கு இடம் கிடைத்தது. வெளியே போகப் பாஸ் கேட்டோம். போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கையெழுத்து வைத்தேன். ஒரு மாதப் பாஸ் தந்தார்கள்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியிருந்தவள் என் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, மாசம் முடிய வந்திடுவன். நீங்களெல்லோ பிணை."

வா என்றால் அவள் படிப்புப் போய்விடும். வராதே என்று சொல்ல, சுற்றி நின்ற சனத்துக்கு முன்னால் வாய் வரவில்லை.

"தண்ணிப் போத்தலை நிமித்தி வை, ஊத்துப்படும்" என்றேன்.

மாதம் முடியுமுன் அவள் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"கம்பஸ்?" என்று கேட்டேன்.

"பசிக்குது அக்கா" என்றாள்.

அவள் பெட்டியில் ஏறிய அன்றைக்கு நான் வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் தேடுகிறேன். அடுத்த கிழமையிலிருந்து சின்ன வகுப்பை அவள்தான் எடுத்தாள். பிள்ளைகள் 'பாசு' என்றால் அவள் திருத்தவில்லை. நானும் விட்டுவிட்டேன்.