மாலை போட்டவர்கள் எல்லாம் அமரர்

எங்கள் கல்லூரி நூலகத்தின் பின் அறையில் பழைய படங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மீதியையாவது காப்பாற்றுவோம் என்று நூலகராகிய நான் கத்தாத நாளில்லை. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவிகள் 'செயற்கை நுண்ணறிவு' என்று ஒரு சொல்லைச் சொன்னார்கள். உடனே கல்லூரி அதிபர் எனக்கு ஸ்கேனரும் புது மின்விசிறியும் வாங்கித் தந்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

நான் அந்தப் படங்களை ஸ்கேன் செய்து, புதிய படங்களோடு சேர்த்துக் கிளவுட்டில் ஏற்ற வேண்டும். செயற்கை நுண்ணறிவு முகங்களை அடையாளம் கண்டு, ஆளுக்கொரு பக்கம் திறந்து, உலகெங்கும் உள்ள பழைய மாணவிகளுக்கு அறிவிக்கும். இதைத் தொடக்கிவைக்க, எனக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சரைத்தான் அழைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எண்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். விழாக்களுக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

"என்னை ஆருக்குப் பிள்ளை ஞாபகமிருக்கும்? வெறும் கதிரையளுக்கு வந்து கதைக்கச் சொல்லுறீரோ?" என்று கேட்டார். கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் பழைய மாணவிகள் சங்கத்தின் சூம் கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? கனடாவிலிருந்த செயலாளருக்கு யோசனை தோன்றியது.

"எங்கடை ஹோல் சுவரிலை செத்த அதிபர்மாற்றை படங்களுக்கு மாலை போட்டிருக்குத்தானே. மாலை இருந்தா ஆள் இல்லை எண்டு அதுக்குச் சொல்லிவிடுங்கோவன்."

"ஓம், ஓம்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் உயிரோடிருப்பவரின் படத்துக்கு யார் மாலை போடுவார்கள்? ஆனால் படத்துக்கு மாலை போடுவது வேறு, மாலை போட்ட ஆளைப் படம் எடுப்பது வேறு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாலை இல்லாமல் நாங்கள் ஒரு காரியமும் தொடங்குவதில்லை என்பதும் நினைவில் வரவில்லை.

மெஷின் சொன்னதை அப்படியே செய்தது. பரிசளிப்பு விழாவுக்கு வந்த விருந்தினர்கள், வென்று வந்த வலைப்பந்துத் தலைவி, போன வருடம் பதவியேற்ற எங்கள் அதிபர் எல்லோரும் அமரர். புதிதாக வாங்கிய அன்று மாலை போட்டு, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்துப் படமெடுத்த கல்லூரி பஸ்ஸுக்குக்கூட ஆழ்ந்த அனுதாபம். அந்த பஸ் இப்போது வேப்பமரத்துக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் அது பிழைவிடவில்லை.

ரீச்சர் வேலையிலிருந்து இளைப்பாறிய அன்று தாடைவரை ரோசாப்பூ மாலையோடு நின்ற படமும் அதற்குள் இருந்தது. அவருக்கும் அஞ்சலிப் பக்கம் திறந்து, அறிவித்தலும் போய்விட்டது. காலையில் நான் பார்த்தபோது லண்டன், ரொறொன்ரோ, சிட்னி என்று அனுதாபங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அவசரமாக ஒரு அறிவித்தல் போட்டேன். அதை யார் வாசித்தார்கள்? மத்தியானத்துக்குள் சந்தியில் 'கண்ணீர் அஞ்சலி' பனரும் ஏறிவிட்டது.

"அவ இண்டைக்கு விழா நடக்கிற ஹோலைப் பார்க்க வாறா. உதைக் கண்டா நெஞ்சு நிண்டிடும். விழாவும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று அதிபர் பதறினார். தான் அமரர் ஆனது அவருக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை. பனரைக் கழற்ற ஏணி தேடிக்கொண்டிருந்தபோதே ரீச்சரின் ஓட்டோ வந்து நின்றது.

"பிள்ளை, சந்தியிலை என்னைக் கண்டனான்" என்றார்.

"ரீச்சர், அது மெஷின் விட்ட பிழை..."

"படம் வடிவாத்தான் இருக்கு. பேருக்குப் பின்னாலை பட்டத்தைப் போடாமல் விட்டிட்டினம்."

நேராகக் கணினிக்கு முன்னால் போய் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வந்த அனுதாபம் எல்லாவற்றையும் வாசித்தார். 'நீங்கள் அடிச்ச கைதான் ரீச்சர், இப்ப ஒப்பரேசன் செய்யுது' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'சண்டை நேரம் பங்கருக்குள்ளை இருந்து படிப்பிச்ச கணக்கு இன்னும் மறக்கேல்லை' என்று இன்னொருத்தி. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பவும் கழற்றினார். அந்த மெஷின்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

"எல்லாத்தையும் அழிச்சுவிடுறன் ரீச்சர்" என்று மவுஸில் கை வைத்தேன். கையில் ஒரு அடி விழுந்தது. பழைய அடிதான், கொஞ்சமும் குறையவில்லை.

"அழிக்காதையும். செத்தாப் பிறகு உதை ஆர் எனக்கு வாசிச்சுக் காட்டுறது?"

பிறகு திரையில் மேலே போய், அனுதாபங்களுக்குள் முதலிலிருந்து எதையோ தேடினார்.

"உம்மடையைக் காணேல்லை."

"நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்தானே ரீச்சர்."

"அதுக்கு?" என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டு, அமரர் எனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, என் அனுதாபத்தை எழுதத் தொடங்கினேன்.