அலிபிரிப் படியோரம் ஊட்டிய வெள்ளரிக்காய்

மகள் மைதிலிக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல். அதற்காகத்தான் சங்கராந்தி லீவில் திருமலைக்கு நடந்து போனோம். எங்களுக்கு ஊர் நகரி. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், நான் அறிவியல் டீச்சர். விடியற்காலை பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் திருப்பதி. அங்கிருந்து அலிபிரி ஷேர் ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஏழரைக்குப் படியேறத் தொடங்கினோம். மொத்தம் ஒன்பது கிலோமீட்டர், குழந்தையோடு என்றால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வழிக்கு மேல் புள்ளிமான்கள் படியோரம் வந்து நிற்கும். ஊட்டினால் புண்ணியமாம். ஊட்டாதீர்கள் என்ற பலகையில் சாய்ந்துகொண்டே ஊட்டுகிறார்கள் நம் ஜனங்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் விட்டுவிடுவாரா? உப்பு, மிளகாய்த்தூள் தடவாமல் இருபது ரூபாய்க்கு வெள்ளரிக்காய் வாங்கி மைதிலியிடம் கொடுத்தார். அவள் ஒரு மான்குட்டிக்கு நீட்டினாள்.

"நைனா, குட்டி துன்னுது பாரு!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

குட்டி நகர நகர இவளும் படியை விட்டு இறங்கிவிட்டாள்.

திடீரென்று மான்கள் அத்தனையும் தலையைத் தூக்கிக் காட்டுப் பக்கம் பார்த்தன. ஒன்று கூர்மையாகக் கத்தியது. மரத்தில் குரங்குகளும் கத்த ஆரம்பித்தன. புல், மான், சிறுத்தை என்று வருஷா வருஷம் போர்டில் அம்புக்குறி போடுகிறேன். தீனி இருக்கும் இடத்துக்கு மான் வரும், மான் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தை வரும். நடுவில் என் மகள் நிற்கிறாள்.

மேல் படியிலிருந்து வனக்காவலர் ஒருவர் அடங்கிய குரலில் சொன்னார்.

"ஆகண்டி, நில்லுங்க! கத்தாதீங்க, ஓடாதீங்க. சார், பாப்பாவத் தூக்கிக்கினு மெல்லமா பின்னாலயே வாங்க."

வீட்டுக்காரர் அவளைத் தூக்கி, முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு பின்வாங்கினார். புதரிலிருந்து மஞ்சளாக ஏதோ பாய்ந்தது. மான்குட்டி ஒருமுறை கத்தியது. அப்புறம் சத்தமே இல்லை.

போகிறவர்கள் கூட்டத்தோடு போங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். மானுக்கு எதையும் கொடுக்காதீர்கள், தின்ற மிச்சத்தைக் காட்டில் எறியாதீர்கள். குழந்தைகளோடு படியேறும் நேரக் கட்டுப்பாடு அடிக்கடி மாறுகிறது, கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே மொட்டை போட உட்கார்ந்தபோது, தலை நனைந்து சொட்டச் சொட்ட மைதிலி கேட்டாள்.

"அம்மா, நான் குடுத்த வெள்ளரிக்கா இன்னும் குட்டி வயித்துல கீதா?"

அது இப்போது யார் வயிற்றில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"கீதும்மா" என்றேன்.