சந்தனம் பூசிய கண்ணாடிக் குழாய்

ராதாமணிக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரம்தான் முதலில் வாயில் வரும். அந்த ஆயுத பூஜையன்று ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவள் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் புரியவில்லை, புரியாததே நல்லது. ஆளுயரக் கண்ணாடிக் குழாய்க்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வாங்கியதிலிருந்து ஒருநாளும் ஓட்டாத குழாய்க்கு வருடம் தவறாமல் கற்பூரம் காட்டுவது மட்டும் நடந்தது.

மதுரை மகால் பக்கத்துச் சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவள். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்றவர்கள் வாயை அடைத்து கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் திருநகர் தாண்டி முளைத்த ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். அந்தக் குழாயில் பாதிக்கு மணல் கிடக்கும். அடியிலிருந்து தண்ணீரை மெல்ல ஏற்றினால் மணல் அசையாது. தண்ணீர் மட்டும் இடுக்குகளில் புகுந்து மேலே வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மணல் மொத்தமும் எழும்பி, உலையில் அரிசி மாதிரி கொதிக்கும். அந்த ஒரு கட்டத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தாளாளர் நல்லகாமன் அசைந்து கொடுக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பஞ்சு மில் வைத்திருந்த மனிதர். பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோருக்குக் காட்டவே குழாய் என்றார். உடைந்தால் உடைத்தவருக்கு வேலை இல்லை என்றார். ஆகவே அதற்கு பிளாஸ்டிக் உறை. பிள்ளைகள் போன வருடத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதினார்கள். பரீட்சைக்கு வந்த வெளியூர்க்காரர் உறையைக்கூட விலக்காமல் மார்க் போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போனார். அந்த மார்க்குக்குக் கீழே ராதாமணியும் வயிறெரியக் கையெழுத்துப் போட்டாள். சமையல் குறிப்பைப் படித்துவிட்டு ஏப்பம் விடுகிற படிப்பு!

மறுநாள் விஜயதசமி. பொரிகடலை வாங்க ஹாஸ்டல் பிள்ளைகளும் சில பெற்றோரும் கூடியிருந்தார்கள். தாளாளர் விபூதி மணக்க வந்து நின்றார். ராதாமணி எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

"ஐயா, பூசையில வச்ச மெஷினை இன்னைக்கு ஒரு சுத்தாவது ஓட்டாம உங்க மில்லுல விடுவீங்களா?"

"அதெப்படி விட முடியும்? தொழிலுக்கு ஆகாது."

"அப்ப இதை மட்டும் ஏன்யா விட்டுட்டோம்?"

கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. சாமி காரியத்தில் பின்வாங்க அவருக்கு மனம் வரவில்லை. ஓட்டச் சொல்லிவிட்டார்.

மாலையைக் கழற்றி பம்பைப் போட்டாள். வருடக்கணக்காக இறுகிக் கிடந்த மணல் கட்டியாகவே குழாய்க்குள் மேலே நகர, தாளாளர் முகம் வெளிறியது. வால்வைக் குறைத்துக்கொண்டு உள்ளங்கையால் குழாயை மெல்லத் தட்டினாள். கட்டி உதிர்ந்து இறங்கியது. மறுபடி கூட்டினாள். மணல் எழும்பிக் கொதித்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

தாளாளருக்கே வாயெல்லாம் பல். "இம்புட்டு அழகா இருக்கே, தாயி. இனி வருசா வருசம் விசயதசமிக்கு ஒருதரம் ஓட்டிருவோம். போதும், மூடுங்க."

வருடத்துக்கு ஒருநாள்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போது பின்னாலிருந்து சுருளி அருகே வந்தான். போன வருடம் படிப்பை முடித்து, தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, லீவுக்கு வந்திருந்தவன், தோளில் பை. அவன் குரலில் குறை இல்லை, அதுதான் கொடுமை.

"மேடம், இந்த சோதனைக்கு எனக்கு அம்பதுக்கு நாப்பத்தெட்டு போட்டீங்க. இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ராதாமணிக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. அந்த மார்க்குக்குக் கீழே இருப்பது அவள் கையெழுத்து. பியூன் நீட்டிய உறையை வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"நாளைக்கும் ஓடும்யா. நாளான்னைக்கும் ஓடும். உடைஞ்சா நான் வீட்டுக்குப் போறேன்."

அவள் சுருளியைக் கூப்பிட்டாள். "பையைக் கீழ வை. வால்வை மூடிட்டு, முதல்லேருந்து நீ ஓட்டு."