எனக்கு ஓட்டுப் போடாதீங்க

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. இரத்தினபுரியில் ஒரு கல்லூரியில் கட்டடப் படவரைஞர் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதமாகியிருந்தது. என் வீடு நிவித்திகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டத்து வாசல்வரை போகும் கடைசி பஸ் நாலு மணிக்கு. அதை விட்டால் சந்தியில் இறங்கி மூன்று மைல் மேட்டில் நடக்க வேண்டும். மழை வந்தால் அட்டைகள் என்னைச் சொந்தக்காரனைப்போல வரவேற்கும்.

அன்று வகுப்புப் பிரதிநிதி தேர்தல். முதலில் தானாகவே முன்வந்தவன், கல்லூரிக்குப் பின்னாலேயே வீடுள்ள ஒரு சிங்கள மாணவன். கெட்டிக்காரன், ஆனால் பாடம் முடிகிற நேரத்தில்தான் அவனுக்குச் சந்தேகங்கள் பிறக்கும். அடுத்து, டவுன் கடைக்காரர் மகனான என் முஸ்லிம் நண்பன் எழுந்து என் பெயரைச் சொன்னான். ஓப்பநாயக்கவிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி உடனே வழிமொழிந்தாள்.

எனக்கு அந்தப் பதவியே வேண்டாம். கடைசிப் பாடம் முடிந்ததும் வரவு இடாப்பில், அதாவது வருகைப் பதிவேட்டில், கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவது பிரதிநிதியின் வேலை. எங்கள் விரிவுரையாளரோ மூன்றரைக்கு முடிக்க வேண்டியதை மூன்றே முக்கால் தாண்டியும் இழுப்பவர். இடாப்பே இல்லாமல் ஓடியும் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்த நாட்கள் உண்டு.

தேநீர் இடைவேளையில் நண்பனைப் பிடித்தேன்.

"டேய், நான் ஒனக்கு என்னடா பாவம் செஞ்சேன்?"

"பதவி தேடி வருது மச்சான், சும்மா இரு."

சும்மா இருக்கவில்லை. மேசை மேசையாகப் போய், சிங்களத்திலும் தமிழிலும் கெஞ்சினேன். "எனக்கு ஓட்டுப் போடாதீங்க. நாலு மணி பஸ்ஸ விட்டா நான் செத்தேன்." எல்லோரும் பரிவோடு தலையாட்டினார்கள். கலவானைக்காரன் ஒருவன், "உனக்கும் நாலு மணி பஸ்ஸா?" என்று சிங்களத்தில் கேட்டு, என் கையைக்கூடக் குலுக்கினான். எவ்வளவு நல்ல மனது என்று நினைத்துக்கொண்டேன்.

வேட்பாளர்கள் இருவரும் கரும்பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். மற்றவர்கள் கை தூக்குவார்கள். பயத்தில் நான் நெற்றியைப் பலகையிலேயே முட்டுக் கொடுத்து நின்றேன். எதிராளியின் முறை வந்தபோது என் கையையும் உயர்த்தினேன். திரும்பச் சொன்னபோது என் நெற்றியில், பலகையில் வரைந்திருந்த மாடிப்படியின் குறுக்குவெட்டு வரைபடம் பதிந்திருந்ததாம்.

அவனுக்கு இரண்டு வாக்கு. ஒன்று அவனுடையது. மற்றது என்னுடையது.

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்று ஓப்பநாயக்கப் பிள்ளையிடம் அழாக்குறையாகக் கேட்டேன்.

"அண்ணே, எங்க எல்லாருக்கும் நாலு மணிக்குத்தான் பஸ்ஸு. சேர்கிட்ட சொல்லப் பயம். இடாப்பும் குடுத்து பஸ்ஸையும் பிடிக்கணும்னா நீங்க சொல்லித்தானே ஆகணும்?"

அன்று மாலை மூன்றரை அடித்தது. விரிவுரையாளர் புதுத் தலைப்பு ஒன்றைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். எழுந்தேன். காலையிலிருந்து இரண்டு மொழியில் பொழிந்தவனுக்கு ஒரு மொழியும் வரவில்லை.

"என்ன?" என்றார்.

"சேர்... பஸ்..."

அவ்வளவுதான் வந்தது. அவர் முறைத்தார். உட்கார்ந்துவிடலாமா என்று முழங்காலை மடக்கிய நேரத்தில், பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பிப் பார்த்தால், ஒரே ஒருவனைத் தவிர முழு வகுப்பும் எழுந்து நின்றது.

அவர் சிரித்தபடி சுண்ணக்கட்டியை வைத்தார். "நாலு மாசமா ஒருத்தரும் வாய் திறக்கலையே. பாடம் பிடிச்சுத்தான் உட்கார்ந்திருக்கீங்கனு நினைச்சேன்."

இடாப்பைக் கொடுத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது.

இன்றும் ஒரு கூட்டத்தில், இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும்தானோ என்று வெட்கப்பட்டு வாயை மூடத் தோன்றும்போதெல்லாம், நடுங்கிக்கொண்டாவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைச் சொல்ல ஆட்கள் பின்னால் காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில்.