கோடு போட்டால் சாய்வெழுத்து

சிறுவர் பக்கம் பார்க்கும் வேலையில் எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு உண்டு, சாய்வெழுத்துக்கு இல்லை. அதில் நான் பட்டதை, இதே வேலையில் அவதிப்படும் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

பிறந்த விதம்

எழுத்தை முதலில் சாய்த்தது யார் என்று வெள்ளானூரிலிருந்து ஒரு சிறுவன் கேட்டிருந்தான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில், படித்தவர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தைப் பார்த்து அச்சுக்கு வெட்டிய எழுத்து அது என்று பதில் எழுதினேன். தமிழில் அப்படித் தனியாக வெட்டியது அரிது. நேர் எழுத்தையே கணினி சரித்துக் காட்டுகிறது. அம்பத்தூரில் எங்கள் பக்கத்தை வடிவமைக்கும் ஜெகன் இதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், நிக்கிறதைப் புடிச்சுத் தள்ளி உட்டுட்டு, அதுக்கு ஒரு சரித்திரம் வேறயா?"

அழகுக்காக

ஒருமுறை ஒரு பாட்டு முழுவதையும் சாய்த்துவிட்டோம். பூந்தமல்லியிலிருந்து ஒரு தாய் போன் செய்தார்: "பாப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சுப் படிக்கிறா சார், பாக்குற எனக்கே தலை சுத்துது."

பென்சில் கோடு

அதன்பின் ஒரு விதி வைத்தோம். கதையில் ஒருவர் மனதுக்குள் நினைப்பதும் கனவில் காண்பதும் மட்டும் சாய்வெழுத்தில் வரும். அந்த வரிக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போடுவேன். கோட்டைக் கண்டால் ஜெகன் சாய்த்துவிடுவார். கதை அனுப்பும் குழந்தைகளும் அப்படியே கோடு போடலாம் என்று பக்கத்தில் அறிவித்தோம்.

பாரிவாக்கத்திலிருந்து நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முயல் குடும்பக் கதை அனுப்பினாள். ஒரு வரிக்கு அவளே கோடு போட்டிருந்தாள்: 'அம்மா கீழே விழவில்லை, அப்பாதான் கையை முறுக்கினார்.' குட்டி முயலின் கெட்ட கனவு போலும், நம் விதியைக் கவனித்த குழந்தை என்று மகிழ்ந்தேன். ஜெகன் மட்டும் கேட்டார்: "முயலுக்கு ஏது சார் கையி?"

சட்டம் போட்ட பக்கம்

'கை'யை 'முன்னங்கால்' என்று திருத்தி, வரியைச் சாய்த்து வெளியிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய வகுப்பாசிரியை போன் செய்தார். சிறுமி பள்ளிக்கு வராததால் வீட்டுக்கே போயிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது இரண்டு கையிலும் மாவுக்கட்டு. கூடத்துச் சுவரில் எங்கள் பக்கம், சட்டம் போட்டு. "எம் பொண்ணுக்கு என்னா கற்பனை பாருங்க டீச்சர்" என்று காட்டியவர் அப்பா.

போலீசில் கொடுக்க அசல் தாள் வேண்டும் என்றார் ஆசிரியை. அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முக்கியமானதுக்குக் கீழே கோடு போடுங்கன்னு வகுப்புல நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன்."

இப்போது ஒரு குழந்தை கோடு போட்டு அனுப்பினால் அதனிடம் பேசாமல் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. பக்கம் தாமதமாகிறது என்று மேலிடத்தில் திட்டுகிறார்கள், திட்டட்டும்.