கணவன் பெயரும் பச்சைப் பெட்டியும்

சிக்காகோ நகரத்தின் ஊழலைப் பற்றி யாராவது கேட்டால் அந்த நாட்களில் நான் மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசுவேன். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவள். என் பயணமெல்லாம் கடற்கரை ரயிலோடு சரி. ஆனால் என் கணவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அமெரிக்கக் கப்பல்காரர்கள் வாசித்து முடித்து எறியும் சஞ்சிகைகளைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றில் ஒன்றில் சிக்காகோவின் கதை தொடராக வந்தது. சூதாட்ட விடுதிக்காரன் பொலிசைக் கவனிப்பான், பொலிஸ் வட்டாரத் தலைவனைக் கவனிக்கும், வட்டாரத் தலைவன் தேர்தல் அன்று செத்தவர்களையும் எழுப்பி வோட்டுப் போட வைப்பான். ஒரே ஆள் காலையில் தாடியோடும், மத்தியானம் மீசையோடும், பின்னேரம் மழித்த முகத்தோடும் வந்து மூன்று பேராக வோட்டுப் போடுவானாம். அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பதும் தெரியாமல் வாசித்தேன்.

அது முற்றிலும் தெரியாத உலகமும் இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு எதிரே குதிரைப் பந்தயத்துக்குக் கள்ளமாகக் காசு கட்டும் கடை ஒன்று இருந்தது. முன்னால் சோடாப் போத்தல், பின்னால் பந்தயம். சந்திப் பொலிஸ்காரர் தினமும் சோடா குடிக்க என்று வருவார். அவர் சோடா குடித்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் முனிசிபல் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தவறணை முதலாளி. சாராயக் கடைகள் கொட்டாஞ்சேனையில், பங்களா வெள்ளவத்தையில். மற்றவர் ஓய்வு பெற்ற வாத்தியார். அப்போது வாக்குச் சீட்டில் புள்ளடி போடும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். மறைப்புக்குப் பின்னால் அந்தந்த நிறம் பூசிய பெட்டிகள் இருக்கும், விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். முதலாளி மஞ்சள், வாத்தியார் பச்சை. பெண்களின் சாவடியில் கள்ள வோட்டுப் பிடிக்க ஒரு பெண் ஏஜென்ட் வேண்டும் என்று வாத்தியார் வந்து கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஓம் என்றுவிட்டேன். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சிக்காகோ எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது!

தேர்தல் அன்று விடியவே பள்ளிக்கூட மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி ஒரு பறங்கித் துரை, தமிழ் அரைகுறை. அவர் முன்னால் இருந்த பட்டியலில் பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் இன்னாருடைய மனைவி என்று போட்டிருந்தது. வருகிறவளிடம் புருஷனுடைய பெயரைக் கேட்பார், பட்டியலோடு ஒத்துப்போனால் சீட்டைக் கொடுப்பார். எங்கள் பெண்கள் தடுமாறினால் பக்கத்தில் நின்ற கிளார்க் ஏதோ ஒரு வகையாகச் சமாளித்துக் கொடுத்தார். நான் யாருக்காவது முகம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கள்ள வோட்டுப் போட வருகிறவன் பெயரைக் கேட்டதும் விழிப்பான், வியர்ப்பான், அங்கே இங்கே பார்ப்பான் என்று சஞ்சிகையில் எழுதியிருந்தது.

பத்து மணி போல மஞ்சள் நாடா கட்டிய கார் ஒன்றிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். பெட்டியில் மடித்து வைத்திருந்த கூறைச் சேலை, தலையில் முக்காடு. துரை கேட்டார்.

"புருஷன் பேர் என்ன, நோனா?"

அவள் இடமும் வலமும் பார்த்தாள். நெற்றியில் வியர்த்தது. துரை மீண்டும் கேட்டார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் கார், வியர்வை, திருட்டு முழி, எல்லாம் பொருந்தியது! கிளார்க் வாயைத் திறப்பதற்குள் எழும்பி, "ஒப்ஜெக்ஷன்!" என்று கத்தினேன். ஆட்சேபம் வந்தபிறகு கிளார்க்கும் தலையிட முடியாது. பெயரைச் சொன்னால் ஒழியச் சீட்டுத் தர ஏலாது என்று துரை சொன்னார். அவள் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளைப் பிடித்துவிட்டேன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் இரண்டு தரம் சொன்னேன்.

இரண்டு மணி போல சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி வந்தாள். துரை கேட்டு முடிப்பதற்குள் புருஷன் பெயரைப் பொரிந்து தள்ளினாள். சீட்டை வாங்க அவள் கை நீட்டியபோது மணிக்கட்டில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு தெரிந்தது. அதே தழும்பைக் காலையிலும் கண்டிருந்தேன். அப்போது நீலச் சேலை, வேறு ஒரு புருஷன் பெயர். அந்தப் பெயரையும் இப்படித்தான் ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னாள். இது நினைவுக்கு வந்து நான் எழும்புவதற்குள் அவள் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். துரையிடம் சொன்னேன். "ப்ரூப் இருக்கா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பெண்களில் யார் கட்டியவனின் பெயரைச் சொல்கிறார்கள்? கல்யாணமாகி மூன்று வருடம், நானே ஒருதரமும் சொன்னதில்லை. "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவேன். கூசாமல் சொல்கிறவள்தான் கள்ளி! சிக்காகோவை வரி வரியாகப் படித்தவளுக்குத் தன் வீடு தெரியாமல் போயிற்று. வெட்கத்தில் காது சுட்டது. ஐந்து மணிக்குச் சாவடி மூடுவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காலையில் நான் திருப்பி அனுப்பியவளைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிறவள். நான் போனபோது கூறைச் சேலையைக்கூட மாற்றாமல் மாவு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பிழை என்ரை. வாங்கோ, கெதியா வாங்கோ. நீங்கள் மஞ்சள் காரிலை வந்தபடியால்..."

"கார் அவன்ரை, பிள்ளை. வோட்டு என்ரை," என்றாள். "அவன் வெண்டால் இந்த ஒழுங்கை முனையிலை தவறணை திறப்பான். அவ்வளவு தூரம் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் குடிக்கப் பஞ்சிப்பட்டுத்தான் இவர் கிழமையிலை நாலு நாளாவது வேலைக்குப் போறார். முனையிலை வந்தால் என்ரை குடும்பம் துலைஞ்சுது. அதுக்காகத்தான் பெட்டியைத் திறந்து கூறையை எடுத்தனான்."

"அவரின்ரை பேரை நான் சொல்லுறன், நீங்கள் தலையை ஆட்டினால் காணும்."

"என்ரை புருசன்ரை பேரை நீ ஏன் சொல்லுறாய்?" என்று எழும்பினாள்.

ரிக்‌ஷாவில் ஏறினோம். வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாவடிக்குள் போய்த் துரைக்கு முன்னால் நின்று, அவர் கேட்காமலே பெயரைச் சொன்னாள். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஆட்சேபத்தை விலக்கினேன். அவள் மறைப்புக்குப் பின்னால் போய் வந்து, தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கடைசியாக, ஆற அமரப் போடலாம் என்று என் வோட்டை வைத்திருந்தேன். துரை பட்டியலைப் பார்த்தார்.

"யூ ஹாவ் வோட்டெட், மேடம். ஒரு மணித்தியாலம் முந்தி. புருஷன் பேர் நல்லாச் சொன்னா."

"அவவின்ரை கையிலை தழும்பு இருந்ததோ?"

"நான் லிஸ்டைத்தான் பார்க்கிறது. கையைப் பார்க்கிறதில்லை."

அன்று இரவு சோறு போடும்போது என் கணவரிடம் சொன்னேன்: "உங்கடை பேரை இண்டைக்கு ஒருத்தி ஊரறியச் சொல்லி என்ரை வோட்டைப் போட்டிட்டாள்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மஞ்சள்தான் வென்றது. சில மாதத்தில் கால்வாய் ஒழுங்கை முனையில் தவறணை திறந்தார்கள். வாசலில் ஒரு பொலிஸ்காரர் தினமும் ஏதோ காவல் பார்ப்பதுபோல நின்றார். அந்த வழியாகப் போக எனக்கு முகம் இல்லை. ஒருநாள் பின்னேரம் வேறு வழியில்லாமல் போனேன்.

இடியப்பக்காரி தவறணை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, யாரையும் தூது அனுப்பவில்லை. தெரு முழுக்கக் கேட்கப் புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். கடைக்குள் பேச்சு அப்படியே நின்றது. அவள் புருஷன் கிளாசைப் போட்டுவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.