ராஜாவுக்குக் கட்டிய சாக்கு

வாலுக்குச் சற்று மேலே, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஆட்டைச் சொறிந்துவிட்டு அதன் வாயைப் பார்க்கிறார் கஸ்தூரி. உதடு அசையவில்லை. அடுத்த ஆடு. முப்பத்தொரு செம்மறிகளையும் பார்த்து முடிக்கும்வரை காலையில் அவர் உட்காருவதில்லை. முடித்த பிறகும் உட்காருவதில்லை. டீ டம்ளரோடு பட்டியைச் சுற்றிச்சுற்றி நடக்கிறார். ரேஷன் கடை வரிசையில் யாராவது முதுகைச் சொறிந்தால்கூட அவர் கண் அந்த ஆளின் வாய்க்குத்தான் போகிறது.

"இன்னா பண்றது, பயக்கமாய்ட்ச்சி" என்கிறார்.

போன வருஷம் அவருடைய பெட்டை ஆடு ஒன்று, பாரிவாக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரில் ஓயாமல் உரசியது. பெயின்ட் போகிறது என்று காவலாளி விரட்டினார். சொறி என்று நினைத்துக் கஸ்தூரி மருந்து தடவினார். முடி உதிர்ந்தது, நடை தள்ளாடியது. முதுகைத் தொட்டால் போதும், எதையோ மெல்வதுபோல் உதட்டை அசைத்தது. இரண்டே மாதத்தில் செத்துப்போனது. மூளையை ஆய்வுக்கு அனுப்பிய பிறகுதான் கால்நடை மருத்துவர் சித்ரா நோயின் பெயரைச் சொன்னார்: ஸ்கிராப்பி. உடம்பில் இயல்பாக இருக்கும் ஒரு புரதம் உருமாறி மூளையைக் கெடுக்கும் நோய். மருந்து கிடையாது. மற்ற ஆடுகளின் ரத்தத்தையும் அவர் எடுத்துப்போனார்.

அந்தச் சுவர்ப் பக்கம் கஸ்தூரி இப்போது மந்தையை ஓட்டுவதில்லை. சுற்றுவழிதான்.

எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. தாய் தகப்பனிடமிருந்து வரும் மரபணுவில் உள்ள சிறு வேறுபாட்டால் சில ஆடுகளுக்கு எளிதில் தொற்றும், சில பெரும்பாலும் தப்பிவிடும். கஸ்தூரியோ பத்து வருஷமாக ஒரே வம்சத்துக் கிடாய்களைத்தான் சினைக்கு விட்டார். தகப்பனுக்குப் பின் மகன். சுருண்ட கொம்பு, செங்கல் நிறம், நிமிர்ந்த நெஞ்சு. அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த வரிசையில் இப்போது இருப்பது ராஜா.

இன்னொரு கிடாயும் உண்டு. கோவில்பதாகையில் சினையாக வாங்கிய ஆடு ஈன்ற கோணக்கொம்பன். பெட்டைகளோடு சேராமலிருக்க, வயிற்றில் சாக்குத் துண்டு கட்டித்தான் அதை மேயவிடுவார்.

இந்த வாரம் சித்ரா அந்த ரத்த ஆய்வின் முடிவோடு வந்தபோது, சென்னீர்குப்பத்துக் கறிக்கடைக்காரர் அப்பாவு கோணக்கொம்பனை விலை பேசிக்கொண்டிருந்தார்.

"கஸ்தூரிம்மா, ராஜாவுக்கு இப்ப நோய் இல்ல. ஆனா வந்தா தாங்கமாட்டான். அவன் குட்டிங்களுக்கும் அந்த ரத்தத்தையேதான் குடுப்பான். இனிமே கோணக்கொம்பன விடுங்க. அவன் ரத்தம் நல்ல ரத்தம்" என்றார் சித்ரா.

அப்பாவு சிரித்துவிட்டார். "இன்னாக்கா, இந்த மூஞ்சிக்கு முப்பது பொண்டாட்டியா?"

"உன் மூஞ்சிக்கே ஒண்ணு கெடச்சிதே, கம்னு கெட!"

சொல்லிவிட்டுக் கஸ்தூரி சித்ராவிடம் திரும்பினார். "ரத்தம் மாறிப்போயிருந்தா, டாக்டரம்மா?"

"ரெண்டு வாட்டி பாத்தாச்சும்மா."

கஸ்தூரி பட்டியை ஒரு சுற்று நடந்தார். ராஜாவிடம் நின்று முதுகைச் சொறிந்தார். உதடு அசையவில்லை. "நல்லாத்தான கீறான்" என்று முணுமுணுத்தார். இன்னொரு சுற்று நடந்தார்.

பிறகு கோணக்கொம்பனின் சாக்கை அவிழ்த்தார். அதை உதறி, ராஜாவின் வயிற்றைச் சுற்றிக் கட்டி, முதுகில் முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சுக்குக் கீழே இரண்டு விரலை நுழைத்து, இறுக்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் தளர்த்தினார்.